புனித வெள்ளியன்று திருப்பலி கிடையாது

ஆசிரியருக்கு,

புனித வெள்ளிக்கு மறுநாள் நாளிதழ்களைப் புரட்டினால், 'கிறிஸ்தவ ஆலயங்களில் சிறப்புத் திருப்பலி நடந்தது' என்ற வரி எங்காவது ஒரு பக்கத்தில் கண்ணில் படும். அப்பமும் திராட்சை இரசமும் ஒப்புக்கொடுக்கும் வழிபாடுதான் திருப்பலி. கத்தோலிக்க ஆலயங்களில் ஆண்டு முழுக்க அது உண்டு. அந்த வெள்ளியன்று மட்டும் கிடையவே கிடையாது. மறுநாள் இரவு, இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்பில்தான் மீண்டும் தொடங்கும். வெள்ளி பிற்பகல் 3 மணியளவில் நடப்பது திருப்பாடுகளின் வழிபாடு. இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை வாசிப்பார்கள், பொது மன்றாட்டுகள் சொல்வார்கள், சிலுவையை முத்தமிடுவார்கள். பிறகு வியாழனன்றே அர்ச்சித்து எடுத்துவைத்த அப்பத்தைக் கொடுப்பார்கள். புதிதாக அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படாததால் அது திருப்பலி ஆகாது. சீர்திருத்த சபையான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) அன்று பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிப்பார்கள்.

'பலி' என்றதும் வெளியாருக்கு ரத்தம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே படைக்கப்படுவது கோதுமை அப்பமும் திராட்சை மதுவுமே. பழைய பெயர் பூசை. ஏறக்குறைய இதையே சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையினர் திருவிருந்து என்றும் இராப்போஜனம் என்றும் சொல்கிறார்கள். பெயர் மட்டுமல்ல, பொருளும் வேறு. அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது நினைவுகூருதல். திருமணத்துக்கு வந்த விருந்தினர், பிரசாதம் என்று எண்ணி, அந்த அப்பமான நற்கருணையை வாங்கும் வரிசையில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செய்தியாளர்களை அதிகம் வழுக்கிவிடும் சொல் 'ஆயர்'. கத்தோலிக்கரிடம் ஒரு மறைமாவட்டம் முழுவதற்கும் தலைவர் ஆயர். உயர்மறைமாவட்டத்தின் தலைவர் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையிலோ ஒரு சபையைக் கவனிக்கும் குருவானவரையே ஆயர் என்பார்கள். பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தலைவர்தான் பேராயர். ஆக, கத்தோலிக்க ஆயருக்கு நிகரானவர் அங்கே பேராயர். பதவியை எழுதும்முன் 'எந்தத் திருச்சபை?' என்று ஒரு கேள்வி கேட்டால் வேலை முடிந்தது. 'ஆராதனை'யும் இப்படித்தான். சீர்திருத்த சபைகளில் அது சபையாகக் கூடி நடத்தும் வழிபாடு. கத்தோலிக்கரிடம் கடவுளுக்கு மட்டுமே உரியது. மாதாவுக்கு அவர்கள் செலுத்துவது வணக்கம். 'மாதாவை ஆராதித்தனர்' என்று அச்சிட்டால் கத்தோலிக்கரே முகம் சுளிப்பார்கள்.

ஒரே மொழிக்குள் இத்தனை பிரிவு ஏன் என்றால், வேதாகமம் ஒரு முக்கியக் காரணம். சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர், பரிசுத்த ஆவி, அப்போஸ்தலர், ஞானஸ்நானம். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ஆண்டவர், தூய ஆவியார், திருத்தூதர், திருமுழுக்கு. ஞானஸ்நானத்தைப் 'பெயர் சூட்டு விழா' என்று எழுதிவிடுகிறார்கள். பெயரைச் சொல்லி அழைப்பது அதில் ஒரு பகுதி, அவ்வளவே. தந்தை, மகன், ஆவி பெயரால் நீர் ஊற்றுவதோ முழுக்காட்டுவதோதான் சடங்கு.

புழக்கத்தில் உள்ள வேறு சில சொற்களும் வெளியாரைத் திகைக்க வைக்கும். ஊழியம் என்பது சம்பள வேலையல்ல, சமயப் பணி. 'பாரத்தோடு ஜெபியுங்கள்' என்றால் மனக்கவலையோடு, அக்கறையோடு. 'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்பது விபத்தில் தப்பியதைப் பற்றிய விசாரணையல்ல. இயேசுவை மீட்பராக ஏற்றுக்கொண்டீர்களா என்ற கேள்வி. பாவசங்கீர்த்தனத்தில் பாட்டு ஏதும் இல்லை. குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது அது. கேட்டதைக் குரு நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். 'சாட்சி சொன்னார்' என்றால் கடவுள் தம் வாழ்வில் செய்ததைச் சபையில் எழுந்து சொன்னார் என்று பொருள். 'மறைசாட்சி' அதுவல்ல, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். 1752-இல் கொல்லப்பட்டு, 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் மறைசாட்சி.

கடைசியாக, படித்தவர்களும் தடுக்கி விழும் அமலோற்பவம். டிசம்பர் 8 அன்று அதை, இயேசு கன்னியிடம் கருவானதைக் கொண்டாடும் விழா என்று விளக்குகிறார்கள். சொல்லைப் பிரித்தாலே விடை இருக்கிறது: அமலம் என்றால் மாசற்றது, உற்பவம் என்றால் கருவாதல். எல்லோருக்கும் பிறப்போடு வருவதாக நம்பப்படும் ஜென்மப் பாவ மாசின்றி மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவானார் என்பதே 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த கோட்பாடு. நாள்காட்டியும் அதையே சொல்கிறது. டிசம்பர் 8-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர் 8, மரியாளின் பிறந்தநாள். இயேசு கருவானதற்கு மார்ச் 25 தனியாக இருக்கிறது. அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணிக்கொள்ளுங்கள்.

– மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்