காட்டம் நிறத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மலரில் வெளிநாட்டுச் சுருட்டைப் பற்றி முழுப் பக்கம் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. எழுதியவர் சுருட்டைக் கையில் பிடித்திருப்பார், பற்றவைத்திருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. நான் 26 வருஷம் சரக்குக் கப்பலில் பண்டாரியாக இருந்தவன். பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரன். உப்பு, உறைப்பு பார்த்துச் சம்பளம் வாங்கிய நாக்கு என்னுடையது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

"மேல் இலை எவ்வளவு கறுப்போ அவ்வளவு காட்டம்" என்கிறது கட்டுரை. மேல் இலை என்றால் சுருட்டை வெளியே போர்த்தியிருக்கும் இலை. அப்படி இல்லை. கறுப்பு, பதப்படுத்துவதில் வருவது. இலையைக் கூடுதல் சூட்டில், கூடுதல் நாள் குவியலில் புழுங்கவிட்டால் கறுக்கும். கூடவே ஓர் இனிப்பும் ஏறும். கருப்பட்டியைப் பார்த்துவிட்டு, கறுப்பாக இருக்கிறதே, உறைக்கும் என்று யாராவது சொல்வார்களா?

காட்டம் உள்ளே வைக்கும் இலையில் இருக்கிறது. செடியின் எந்த உயரத்தில் ஒடித்த இலை என்பதுதான் கணக்கு. கியூபாக்காரர்கள் அடி இலையை வோலாடோ என்பார்கள். அது நன்றாக எரியும், அவ்வளவுதான். நடு இலை செக்கோ, மணத்துக்கு. உச்சியில் வெயிலை முழுசாக வாங்கித் தடித்து, எண்ணெய் பூத்து நிற்பது லிகேரோ. காட்டம் அதில்தான். நிக்கோட்டின் வேரில் உண்டாகி மேலே ஏறுகிற சரக்கு. கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பூவுக்குப் போக வேண்டியதெல்லாம் இலைக்கு வந்துவிடும். லிகேரோ மெதுவாக எரியும் என்பதால், சுற்றுகிறவர் அதை நட்ட நடுவில் வைத்துச் சுற்றுவார். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எரியும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ராத்தா (அக்கா) மகன் துபாயிலிருந்து வந்தபோது எனக்கு மூன்று சுருட்டு கொண்டுவந்தான். பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் எண் 50. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50 பங்கு கனம் என்று அர்த்தம். கியூபாச் சுருட்டுகளில் காட்டமானவற்றின் வரிசையில் இதைச் சொல்வார்கள். மேல் இலையின் நிறமோ, பால் கம்மியாக ஊற்றிய டீயின் நிறம். கட்டுரைக் கணக்குப்படி இது குழந்தைப் பிள்ளை பிடிக்கிற சுருட்டு.

முதல் சுருட்டை வீணாக்கிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டுக் கீழக்கரைப் பாலத்தடியில் போய் உட்கார்ந்து பற்றவைத்தேன். கச்சான் காற்று ஒரு பக்கத்தை மட்டும் தின்றுகொண்டே போனது. அது சுருட்டின் குற்றமில்லை, என் புத்தி.

இரண்டாவதை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மறைவில், சோறு தின்றுவிட்டுப் பிடித்தேன். நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். இதற்குத் தலையில் ஒரு குல்லா. குல்லாவின் விளிம்புக்கு மேலாக மட்டும் வெட்ட வேண்டும். இறக்கி வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பற்றவைக்குமுன் வெறும் வாயில் ஒரு இழுப்பு. காய்ந்த வைக்கோல், கொஞ்சம் மாட்டுத் தொழுவம். முகம் சுளிக்காதீர்கள், நல்ல புகையிலை அப்படித்தான் மணக்கும். அப்புறம் தீயை இலையில் ஒட்டவிடாமல், அப்பளம் சுடுகிற மாதிரி காட்டிச் சுழற்றினேன்.

முதல் பங்கில் மிளகுதான். புகையை வாயில் நிறுத்தி, சொட்டளவு மூக்கு வழியாக விட்டால் மிளகை இடிக்கிற உரலுக்கு மேல் முகத்தை நீட்டிய மாதிரி ஓர் அடி. அடுத்து, பென்சில் சீவிய வாசனை. பாதி நெருங்கும்போதுதான் சுருட்டு தன் சரக்கை அவிழ்த்தது. எங்கள் ஊரில் தொதல் கிண்டுவார்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் திரண்டு, சட்டி ஓரத்தில் லேசாகப் பிடிக்கத் தொடங்கும்போது ஒரு மணம் வரும். உம்மா "அடி பிடிக்குது, கை நிக்காமக் கிண்டு" என்று கத்துவாரே, அந்த நிமிஷத்து மணம். அப்படியே வந்தது. உங்கள் கட்டுரையாளர் தோல், கோக்கோ, ஈர மண் என்று வெளிநாட்டுப் பட்டியலை இறக்கிவைத்திருக்கிறார். கோக்கோவை முகர்ந்தே பார்க்காத வாசகருக்கு அது எதைச் சொல்லும்? தொதல் என்று சொன்னால் இராமநாதபுரம் சீமையில் பாதிப் பேருக்குப் புரியும்.

சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. உள்ளே துண்டு துணுக்கு இல்லை, முழு இலை. நிமிஷத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் இழுக்கவில்லை. அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். கடைசிப் பங்கில் எப்படியும் கசப்பு வந்தது, கூடவே கன்னத்தின் உட்பக்கம் மரத்தது. இரண்டு விரல் அளவு மிச்சமிருக்கும்போது வைத்துவிட்டேன். அணையட்டும் என்று விட்டுவிட வேண்டும், நசுக்கினால் நாறும். 55 நிமிஷம் ஆயிற்று. நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட எனக்கு வராது. ருசி முதல் தரம், காட்டம் கனம், கடைசிப் பங்கு எனக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது, மூடி இறுகிய டப்பாவில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே வைத்தால் காய்ந்தும் போகும், நெய்மீன் வாடையும் ஏறும். ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருந்தால் போதும். ஈரமானி சரியா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் வாலிநோக்கம் உப்பைக் குழைத்து ஈரமானியோடு டப்பாவில் அடைத்து மறுநாள் பார்த்தேன். 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அந்த நாலைக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

நம் சுருட்டை "முரட்டுச் சரக்கு" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தம். ஆங்கிலேயன் சொல்லும் 'ஷெரூட்' நம் சுருட்டிலிருந்து போன சொல். திண்டுக்கல் புகையிலையில் திருச்சியில் சுற்றிய சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரைக்கும் விலைபோனது. என் வாப்பா சங்கு குளிக்கிறவர். முங்கி எழுந்து, குளிரில் பல் கிட்டிக்கொண்டு கரையேறினால், ஓலைக் கொட்டானிலிருந்து வேதாரண்யம் புகையிலையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பற்றவைப்பார். காட்டமென்றால் அதுதான் காட்டம்.

இனி, நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம். "சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை" என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். சிகரெட் புகை புளிப்புப் பக்கம். நெஞ்சுக்குள் போனால்தான் நிக்கோட்டின் ஏறும். சுருட்டுப் புகை காரப் பக்கம். மிளகாய்க் காரமில்லை, சவுக்காரத்தின் காரம். அது வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். 1993இல், ரமலான் மாதம், அட்லாண்டிக் கடலில் வைத்து எனக்கு இது விளங்கியது. இரண்டு பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்த கையோடு, சீஃப் இன்ஜினியர் கொடுத்த தடித்த சுருட்டைப் பிடித்தேன். ஒரு சொட்டுப் புகை நெஞ்சுக்குள் போகவில்லை. பாதியில் உள்ளங்கை சில்லிட்டது, முதுகில் வேர்வை ஊற்றியது, டெக் சுற்றியது. எந்தப் புயலிலும் வாந்தி எடுக்காத பண்டாரி அன்று கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றதை, டெக் ஆட்களின் தலைவரான செராங் ஓய்வு பெறும் வரை சொல்லிச் சிரித்தார்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வாப்பாவும் ஒருநாளும் புகையை உள்ளே இழுத்ததில்லை. உள் கன்னத்தில் முதலில் வெள்ளையாக ஒரு படை வந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்றார்கள். எட்டு மாதம் கழித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பிக் கொண்டுவந்தது மையித்தை, உயிரில்லாத உடலைத்தான்.

பிறகு நீ ஏன் பிடிக்கிறாய் என்று கேட்பீர்கள். ராத்தாவும் அதையேதான் கேட்கிறாள். பதில் இல்லை. ஆனால் அவளுடைய பேரன், பிளஸ் டூ படிக்கிறவன், அந்தக் கட்டத்தை எனக்கு முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டி, "பார்த்தீங்களா அப்பா, ஒண்ணும் செய்யாதாம்" என்றான். (எங்கள் வழக்கில் தாத்தாவை அப்பா என்போம்.) நிறத்தைப் பற்றிய தப்பை விட்டுவிடுங்கள். இந்த வரிக்கு மட்டும், அதே அளவில் கட்டம் கட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பண்டாரி,
கீழக்கரை.

(பெயர் போட வேண்டாம். மூன்றாவது சுருட்டு இருப்பது ராத்தாவுக்குத் தெரியாது.)