அப்பாவுக்குக் கல்வெட்டு அடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

செத்தவீடு முடிந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் கழிந்த கையோடு, "31ஆம் நாளுக்குக் கல்வெட்டு ஒன்று அடிக்க வேணும், எவ்வளவு முடியும்?" என்று அச்சகத்துக்குப் போன் போடுகிறவர்களுக்கு எழுதும் மடல் இது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கலாம். இறந்தவரின் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம் அது; நினைவு மலர் என்று அட்டையில் போட்டாலும் ஊரில் அதற்குப் பேர் கல்வெட்டுத்தான். அவற்றைத் தொகுப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் சேர்த்து வைப்பதும் எங்கள் வேலை.

விலையை நீங்கள் கேட்கிறீர்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று நாங்கள் கேட்கிறோம். 36 பக்கக் கல்வெட்டில் பஞ்சபுராணம், சிவபுராணம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் கழித்தால் அப்பாவுக்கு மிஞ்சுவது இரண்டு பக்கம். அந்த இரண்டிலும் "அன்பும் பண்பும் நிறைந்தவர், குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்தவர்" என்று இருக்கும். எந்த வேலையில், எந்த வருடத்தில், யாருக்காகத் தேய்ந்தார் என்பது இருக்காது. புலம்பலில் பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். சிவபுராணம் 95 அடி. எல்லார் வீட்டிலும் அது உண்டு. பக்கத்தை அப்பாவுக்குக் கொடுங்கள்.

அதிபராக இருந்தவரைப் பாடசாலை மலர் சொல்லும். சங்கத் தலைவரை அறிக்கைகள் சொல்லும். வீடும் தோட்டமும் பிள்ளைகளுமாகவே வாழ்ந்து முடித்த மனிதருக்கு வேறு பதிவு கிடையாது. இருந்த பதிவுகளும் எங்களுக்கு மிஞ்சவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. போரினால் 1990இல் யாழ் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனம் எழும்பி நடந்தபோது காணி உறுதி, கலியாணப் படம், பள்ளிக்கூட றிப்போட் எல்லாம் வீடுகளோடு விடுபட்டன. அதனால் கல்வெட்டில் வரும் ஒரு வரி சில குடும்பங்களுக்கு ஒரேயொரு சான்று.

முதல் கிழமையிலேயே ஒரு கொப்பியோடு அம்மாவிடமும் அப்பாவின் சகோதரங்களிடமும் போய் இருங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்றுதான் பதில் வரும். வேலையைக் கேளுங்கள். தோட்டக்காரர் என்றால் எத்தனை பரப்பு, சொந்தமா குத்தகையா, புகையிலையா வெங்காயமா? கிணற்றில் துலாவால் தண்ணீர் இறைத்த காலத்தில் அவர் துலா மிதித்தவரா, பட்டை பிடித்தவரா, தண்ணீர் மாறினவரா? இறைப்பு மிசின் எந்த வருடம் வாங்கினார், அந்தக் காசு எங்கிருந்து வந்தது? கொழும்பில் கிளாக்கர் என்றால் எந்தத் திணைக்களம், எங்கே அறை எடுத்திருந்தார், மாதம் எத்தனை முறை இரவு மெயில் வண்டியில் வீட்டுக்கு வந்தார், வரும்போது பையில் என்ன இருக்கும்? காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை என்றால் எந்தப் பகுதி, எந்த முறை வேலை? தங்கச்சிமாரின் சீதனத்துக்கு எந்தக் காணியை ஈடு வைத்தார், எப்போது மீட்டார்? இடப்பெயர்வில் சைக்கிளில் யாரை ஏற்றினார், எதை விட்டுவிட்டுப் போனார்?

இவற்றில் பத்துக்கு விடை கிடைத்தால் போதும். "இளையவள் பிறந்த வருடம் வெங்காயம் அழுகிப்போக, மிசினை விற்றுக் கடன் கட்டி, மறுபடி இரண்டு போகம் துலாவாலேயே இறைத்தார்" என்று ஒரு வரி அமைந்தால், "பாசமிகு" என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எங்கும் போட வேண்டி வராது. அவர் கோபக்காரர் என்றால் அதையும் ஒரு வரி எழுதலாம். ஊருக்குத் தெரிந்ததை மறைத்து என்ன செய்வது?

அடுத்தது திதி. முன்பு கல்வெட்டை, 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று ஒருவர் பாட்டாகவே படிப்பார். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா காதில் விழுந்து மனதில் நிற்கும். அதில் வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் இருக்க வேண்டும், ஏனென்றால் வருடா வருடம் வரும் ஆட்டைத் திவசம் ஆங்கிலத் தேதியைப் பார்த்து வருவதில்லை. அடிக்கடி வரும் பிழை வருடப் பெயரில். 2025 மாசியில் மறைந்தவருக்கு விசுவாவசு என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். விசுவாவசு பிறந்தது 2025 ஏப்ரல் 14இல். அதற்கு முந்தியது குரோதி. இரண்டாவது பிழை வெளிநாட்டு மரணங்களில். உயிர் பிரிந்த மணியை இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் திதி தவறும். ரொறன்ரோவில் கோடையில் இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாட்களில் ஒத்துப்போகாது. உங்கள் குருக்கள் எதைப் பார்க்கிறாரோ அதையே கொண்டு, எந்தப் பஞ்சாங்கம் என்று வெண்பாவுக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டுவிடுங்கள். பின்னாளில் அண்ணனும் தம்பியும் இரண்டு நாளில் திவசம் கொடுக்க வேண்டி வராது.

உறவுமுறைப் பந்தியில்தான் சண்டை வரும். "காலஞ்சென்ற" என்று தொடங்கி ஐந்து சகோதரர் பெயரை அடுக்கினால் ஐவரும் போய்விட்டதாகவே வாசிக்கப்படும். அதில் மூவர் முன்வரிசையில் இருந்து கல்வெட்டைக் கையில் வாங்குவார்கள். "காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் ஆகியோரினதும், இன்னார், இன்னார், இன்னார் ஆகியோரினதும் அன்புச் சகோதரரும்" என்று பிரித்து எழுதுங்கள். வம்சாவளியில் பெண்களைத் "திருமதி" போட்டுக் கணவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். அப்பாவின் அம்மம்மாவின் பெயர் இன்றைக்கு ஒரு கிழவிக்காவது தெரிந்திருக்கும்; அடுத்த கல்வெட்டுக்கு ஒருவருக்கும் தெரியாது. பாட்டனின் பெயர் பேரப்பிள்ளைக்கு வருவது எங்கள் வழக்கம் என்பதால், ஒரே பெயர் மூன்று தலைமுறையில் இருக்கும். இறந்தவர்களுக்குப் பிறந்த வருடமும் ஊரும் சேருங்கள். உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி, விலாசம், போன் நம்பர் வேண்டாம். கல்வெட்டு இப்போது இணையத்துக்கும் போகிறது.

படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வரும். டொக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த 35 மில்லிமீற்றர் அகலப் படம் மட்டும்தான் இருக்கிறது, அதை A5 முழுப் பக்கத்துக்கு எடுக்க வேணும் என்றால் நாலு மடங்குக்கு மேல் பெருப்பிக்கிறோம். 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால்தான் முகம் முகமாக வரும். பாதிப் பக்கத்துக்குள் அடங்கும் படத்துக்கு 600 போதும். பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடேயே, பிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் படம் பிடியுங்கள்.

எழுத்தை யூனிகோட்டில் தாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது துணைக்காலும் "ர"வும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும், "ஔவை" "ஒளவை" ஆகும். கண் அதைப் பிடிக்காது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும், கடைசி நேரத்தில் "ஒரு பக்கம் மட்டும் கூட்டுங்கோ" என்றால் வழியில்லை. 18ஆம் நாளோடு எழுத்தை நிறுத்தினால் இரண்டு மெய்ப்புப் பார்க்க நேரம் இருக்கும். இரண்டு பிரதி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு, பிடிஎப் ஒன்று நூலகம் நிறுவனத்துக்கு. அவர்களின் மின்னூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

கடைசி மெய்ப்பை அம்மாவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து நீங்களே சத்தமாக வாசியுங்கள், அவசரப்படாமல். வருடங்கள் வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "71 இல்லையடா, 72. மூத்தவன் தவழேக்கைதான் கிணறு வெட்டினது" என்று ஒரு குரல் வரும். அந்தத் திருத்தத்தையும் ஏற்றிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டுத் தொகுப்போரும் மெய்ப்புப் பார்ப்போரும்