பெரட்டுக்களத்தை ஏன் இடிக்கவில்லை: ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள ஆலய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருக்கும் நம் தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருப்பணி அம்மன் அருளால் நிறைவடைந்தது. விமானச் சுதை வேலை, வண்ணப் பூச்சு, கருவறைத் தரை, மின்கம்பி மாற்றம், மடப்பள்ளிக் கூரை எல்லாம் பேசிய தொகைக்குள் முடிந்தன. கும்பாபிஷேகமும் மண்டல பூசையும் நீங்களே வந்து கண்டவை. இவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேள்வி எல்லாம் வெளியே இருக்கும் பெரட்டுக்களத்தைப் பற்றித்தான், அதாவது ரப்பர்த் தோட்டத்து ஆட்களை விடியற்காலையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட அந்தச் சிமெண்டுத் தரையைப் பற்றித்தான். "ஒரு பழைய சிமெண்டுத் தரைக்கா 21,300 வெள்ளி?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பிலும் கேட்டார்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.

முதல் குத்தகைக்காரர் கொடுத்த திட்டத்தில் களத்தை உடைத்துத் தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்குவதாக இருந்தது. நிர்வாகக் குழு அதை ஏற்கவில்லை. களம் அப்படியே இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தோம், அவரும் கையெழுத்துப் போட்டார். முன்பணம் வாங்கிய பிறகு ஒருநாள் காலை, நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில், பேக்கோ மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து கிழக்கு மூலையை உடைத்துவிட்டார்கள். பூக்கட்டும் அம்மா சத்தம் போட்டு நிறுத்தியிராவிட்டால் முழுக்களமும் போயிருக்கும். கேட்டதற்கு, "வடிகால் மட்டத்துக்கு இது இடைஞ்சல், உடைந்த கல்தானே" என்றார். கையெழுத்தைக் காட்டினோம். வடிகாலைத் திருப்ப வேண்டும் என்றால் இன்னும் பணம் வேண்டும் என்றார். அந்த இடத்தில்தான் வேலையை நிறுத்தினோம். நிறுத்தியது அவசரம் என்று சிலர் சொல்கிறார்கள். போட்ட கையெழுத்தை மதிக்காத ஒருவரிடம் விமானத்தையும் ஒப்படைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்று கேட்டாலும் இதையே சொல்வோம்.

இப்போது கணக்கு. வடிகாலை ஆலயத்தின் பின்பக்கம் திருப்பியதற்கு 9,800 வெள்ளி, தடுப்புச் சுவருக்கு 6,200, உடைந்த மூலையைப் பழைய கற்களையே வைத்துக் கட்டியதற்கு 1,900, கல்வெட்டுக்கும் கொடிக்கம்பத்துக்கும் 3,400. ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன. அளந்து மட்டம் பார்த்துக் கொடுத்த பொறியியலாளர் நம் மூன்றாம் லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) பிள்ளை, ஒரு காசு வாங்கவில்லை.

சரி, தரையில் என்ன இருக்கிறது? வடக்கு ஓரத்தில் குனிந்து பாருங்கள். ரப்பர்ப் பால் வாளிகளை இறக்கி வைத்துத் தேய்ந்த வட்டங்கள் வரிசையாகத் தெரியும். விடியுமுன் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேர் கூப்பிட, நம் பாட்டன் பாட்டி கைகட்டி நின்ற இடம் அது. 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனபோது பேர் எடுத்ததும் இங்கேதான் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கல்வெட்டு வாசகம் பற்றியும் வருத்தங்கள் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு மலாயாவில் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது. இதைக் கல்லில் பொறித்திருக்கிறோம். "மெர்டேக்கா கொடியேற்றும் இடத்தில் கொலைச் செய்தி எதற்கு?" என்று கேட்டார்கள். ஆலயத்துக்குள் அதை எழுதக்கூடாது என்பதில் எங்களுக்கும் சம்மதம்தான், அதனால்தான் கல் வெளியே நிற்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு 1957 ஆகஸ்ட் 31-ஐ மட்டும் எழுதினால் கதை பாதிதான். சுதந்திரம் வந்த அன்றும் அவசரகாலம் முடியவில்லை; 1960 ஜூலை 31 வரை நீடித்தது. கம்பி வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் ஊரில் பிறந்து, 1955-லேயே அமைச்சராகி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்க முன்னின்ற துன் சம்பந்தனின் பிறந்த நாளும் ஜூன் 16தான், 1919ஆம் ஆண்டு. கல்வெட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தோம். பள்ளிப் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் வந்து கேட்கட்டும் என்றுதான்.

கொடியேற்ற ஒரு பிரமுகரை அழைக்கவில்லை என்ற குறையும் காதுக்கு வந்தது. ஏற்றியவர் நம் தோட்டத்தில் மூத்த பாட்டி. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, பாதி வாழ்க்கை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் அவருடைய அண்ணன் குடும்பம் கப்பல் ஏறி இந்தியா போனது. நம் தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கின் கயிற்றைப் பிடிக்க அவரைவிட உரிமையுள்ளவர் யார்? பிரமுகர்கள் அடுத்த ஆண்டும் வரலாம். இது நிர்வாகத்தின் ஒருமித்த முடிவு.

நன்கொடையாளர் பெயர்கள் முழுவதும் ஆலயச் சுவரில் உள்ளன. இருந்தாலும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. விமானத்துக்குப் பெரிய தண்டல் குடும்பத்தார், ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் ஐந்தாம் லயத்துச் சகோதரர்கள், கோலகங்சார் சம்பந்தி வீட்டார். மடப்பள்ளிக்குப் பழைய கிராணி ஐயாவின் மருமகள், ஆயக்கொட்டகை ஆயாவின் பேரப்பிள்ளைகள். தடுப்புச் சுவருக்கு லாரிக்காரர் வீடு, சிங்கப்பூரில் வேலை செய்யும் இளைஞர்கள், செம்பனைத் தோட்டத்துக்கு மாறிப்போன எட்டுக் குடும்பங்கள். கல்வெட்டுக்குச் சயாம் போய்த் திரும்பாதவர்களின் வாரிசுகள். கும்பாபிஷேக அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள் தந்த டவுன் சீனர் மளிகைக்கடைக்காரர். ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுச் சிரமதானத்துக்கு வந்து மண் சுமந்த மாதர் குழுவினருக்கு எந்தக் கணக்கிலும் அடங்காத கடன்பட்டிருக்கிறோம்.

முதல் குத்தகைக்காரரிடம் முன்பணத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. வழக்கறிஞர் கடிதம் போயிருக்கிறது, பதில் வந்ததும் தெரிவிப்போம். கணக்குப் புத்தகமும் சிவப்பு மை வரைபடமும் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலய அலுவலகத்தில் இருக்கும். பொருளாளர் இருப்பார், வந்து பாருங்கள். கார் நிறுத்துவதற்குப் பழைய ஸ்டோர் பக்கத்து நிலத்தைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை திருவிழா நாட்களில் பள்ளி வளாகத்தில் நிறுத்திக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதி தந்துள்ளார்.

இங்ஙனம்,
ஆலய நிர்வாகக் குழு