மிதவையருகே திரும்பி வந்த அக்காவுக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கான கிளப்பின் ஏரி நீச்சல் பயிற்சியில், கரையை விட்டு விலகியதுமே குளிர்ந்த நீர் என் மூச்சை இறுக்கிப் பிடித்தது. வெகுதூரம் முன்னே போயிருந்த நீங்கள், யாரும் கூப்பிடாமலேயே திரும்பி வந்தீர்கள்.

"மல்லாந்து மிதந்துகொண்டே இருங்கள், ஓரிரு நிமிடங்களில் மூச்சு தானாக அடங்கும்" என்றீர்கள். அடங்கியது. பிறகு மூச்சை நீருக்குள்ளேயே முழுவதும் வெளியே விடவும், சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி, திசை காட்டும் மிதவையைப் பார்க்கவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் கால்களை ஒட்டியே என்னை நீந்த வைத்தீர்கள். முன்னால் செல்பவர் நீரைக் கிழித்துக்கொடுத்தால் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறையும். உங்கள் பயிற்சி நேரம் முழுவதும் எனக்கே போயிற்று!

'ஒலிம்பிக் தொலைவு' எனப்படும் டிரையத்லான் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீச்சலை முடித்துச் சைக்கிளில் ஏறியபோது உங்களைத்தான் நினைத்தேன். அன்று ஏரியில் பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி, அக்கா. இதைப் படித்தால் அடுத்த ஏரிப் பயிற்சிக்கு வாருங்கள். நேரில் சொல்ல வேண்டும்.