நாலரைக் கட்டையில் ஒரு கீரவாணி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம். இப்போது அம்மா பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறாள். உன் பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று தினமும் கேட்கிறாள். எழுது.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். மோட்சார்ட்டின் 23ஆம் பியானோ கான்செர்டோவின் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) இரண்டாம் பகுதியைக் கேட்டுவிட்டு, "இழுக்கிறது, தாளமே பிடிபடவில்லை" என்று எழுதியிருந்தாய். முதலில் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இருபது வருஷமாக நான் கூடவே வைத்திருக்கும் இசை அது. அப்புறம் உனக்கு அனுப்பிய பதிவையே மறுபடி போட்டு, உன்னைப்போல் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஆனால் குறை அந்தப் பதிவில்தான், இசையில் இல்லை.

மோட்சார்ட் தன் கையெழுத்துப் பிரதியில் அதற்கு எழுதிய காலம் அடாஜியோ, அதாவது சவுக்கம், மெதுவான வேகம். பழைய அச்சுப் பதிப்புகள் சிலவற்றில் அது ஆண்டாண்டே என்று மாறியிருக்கிறது, நடக்கிற வேகம். அவர் எழுதியது அடாஜியோதான் என்றாலும் அந்த மாற்றத்தை நான் வெறும் பிழையாக நினைக்கவில்லை. ஏனென்றால் நடை சிசிலியானோ. சிசிலித் தீவின் பெயரைத் தாங்கிய ஒரு பழைய ஆட்ட நடை. தாளக் கணக்கு எட்டில் ஆறு; மிருதங்கக்காரனான உன் மொழியில் சொன்னால் திஸ்ரம், இரண்டு 'தகிட'. முதல் எழுத்து கொஞ்சம் நீளும், இரண்டாவது ஒடுங்கிவிடும், மூன்றாவது தன் இடத்தில் வந்து உட்காரும். அந்த அசைவு காதில் இருக்கும்வரை எவ்வளவு மெதுவாகவும் வாசிக்கலாம். அசைவு நின்றுபோனால் அப்புறம் வெறும் இழுவைதான். சிலர் இதை ஆறு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள், சிலர் ஏழரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் 83 வயதில், 1987இல், வாத்தியக் குழுவை நடத்திய ஜூலினியோடு மிலானில் பதிவு செய்தது ஓட்டமான வகை. அதைத்தான் இப்போது அனுப்புகிறேன்.

என் பெரியம்மா தொட்டில் ஆட்டிக்கொண்டு பாடியதும், சாவு வீட்டில் தலைவிரித்து உட்கார்ந்து பாடியதும் எனக்கு ஒரே அசைவாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இந்த அடாஜியோவில் நான் கேட்பது அதுதான். துக்கம் இருக்கிறது, ஆனால் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கிறது.

சுருதி எஃப் ஷார்ப் மைனர். நம் கணக்கில் நாலரைக் கட்டை. காகலி நிஷாதம், அதாவது மேல் ஷட்ஜத்தை ஒட்டிய நி, வரும் இடங்களில் உனக்குக் கீரவாணி ராகம் தட்டுப்படும். மோட்சார்ட் இந்தச் சுருதியில் ஒரு முழுப் பகுதி எழுதியது வாழ்நாளில் இது ஒன்றுதான். பியானோ தனியாகத் தொடங்குகிறது. அந்தத் தனி வாசிப்பு முடிவதற்குள் ஒரு சுத்த ரிஷபம், ஷட்ஜத்தை ஒட்டிய ரி, வந்து விழும், கவனி. கீரவாணியில் அதற்கு இடமில்லை. ஒரு கணம் வேறு ஊருக்குப் போய்விட்டது போல இருக்கும், உடனே திரும்பிவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது.

நடுவில் ஏ மேஜருக்குப் போகிறது. காந்தாரத்தை ஷட்ஜமாக்கிக் கிரக பேதம் செய்து சங்கராபரணத்தில் நிற்பது போல. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் முன்னால் வருகின்றன. இந்தக் கான்செர்டோவில் ஓபோ என்ற ஊதுகுழல் கிடையாது, அதன் இடத்தில் கிளாரினெட். 1786 செப்டம்பரில் ஜெர்மனியின் டோனவெஷிங்கன் அரண்மனைக்கு மோட்சார்ட் இதை அனுப்பியபோது, அங்கே கிளாரினெட் வாசிப்பவர் இல்லாவிட்டால் அந்தப் பங்கை வயலினுக்கும், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினார். நான் சம்மதிக்க மாட்டேன்! கிளாரினெட்டின் அந்த மூச்சு இல்லாமல் நடுப்பகுதி வெறும் வெளிச்சமாகிவிடும்.

இது மோட்சார்ட் தன் உருப்படிகளைக் குறித்துவைத்த பட்டியலில் 1786 மார்ச் 2 தேதியிட்டுப் பதிவானது. அதே மாதம் 24ஆம் தேதி சி மைனர் கான்செர்டோ, மே 1 வியன்னாவில் அவருடைய ஃபிகாரோ இசை நாடகம் அரங்கேற்றம். இந்த நெருக்கடியில் இவ்வளவு குறைவான ஸ்வரங்களோடு ஒருவர் எப்படி எழுதினார்!

குறைவு என்றேன் இல்லையா, கடைசிப் பக்கத்தைக் கேள். தந்தி வாத்தியங்கள் வில்லை விட்டு விரலால் மீட்டுகின்றன. பியானோ மேலே ஒரு ஸ்வரம், வெகு கீழே ஒரு ஸ்வரம், நடுவில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் வாசிப்பவரே கமகம் போல நிரவிக்கொள்வது வழக்கம், ஆகவே நிரப்ப வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வெற்றிடத்தை அப்படியே விடுகிறவர்கள் வாசிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீ மிருதங்கக்காரன். தனி ஆவர்த்தனத்தில் உங்கள் வாத்தியார் ஒரு முழு ஆவர்த்தனம் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார் என்று சொல்வாயே, அதை நினைத்துக்கொள்.

ராத்திரி சாப்பாடு முடிந்து, வீடு அடங்கியபின் கேள். தொடையில் திஸ்ரம் போட்டுக்கொண்டே கேள். அந்த விரல் மீட்டும் இடத்தில் உன் கை தொடர்கிறதா, நிற்கிறதா என்று எழுது. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்