ஜாம்ஷெட்ஜி வீட்டுப் பெண்களைக் கொஞ்சம் தேடு

அன்புள்ள கண்ணம்மா,

டாடா நிறுவனங்களைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடாவின், நீ அனுப்பிய வம்சாவளிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நவ்சாரியில் 1839-இல் பிறந்தது, நாக்பூரில் 1877-இல் எம்பிரஸ் மில் என்ற பஞ்சாலையைத் திறந்தது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அப்பா, மகன், பேரன் என்று நேராக இறங்கினாயானால் இந்தக் குடும்பம் இரண்டாவது தலைமுறையிலேயே நின்றுபோகும். அவருடைய மகன்கள் தோராப்ஜி, ரத்தன்ஜி இருவருக்குமே பிள்ளைகள் இல்லை. அப்புறம் டாடா என்ற பெயர் எப்படி நிலைத்தது? நீ தேட வேண்டியது அதைத்தான்.

ரத்தன்ஜியின் மனைவி நவாஜ்பாய்தான் அநாதை இல்லத்தில் இருந்த நவல் என்ற பையனைத் தத்தெடுத்தார், நாம் டிவியில் பார்த்த ரத்தன் டாடா அந்த நவலின் மகன். உன் படத்தில் நவாஜ்பாய் கணவர் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறார், எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தனிக் கட்டம் போடு. தோராப்ஜியின் மனைவி மெஹர்பாய்க்கும் போடு, அவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் அத்தை.

ரத்தன்ஜி என்ற பெயரில் இரண்டு பேர் இருப்பதையும் கவனி. 1871-இல் பிறந்தவர் ஜாம்ஷெட்ஜியின் மகன். 1856-இல் பிறந்த ரத்தன்ஜி தாதாபாய் உறவுக்காரர், சூசான் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தவர், டாடா நிறுவனங்களைப் பிறகு நெடுங்காலம் நடத்திய ஜே.ஆர்.டி. டாடாவின் அப்பா. டாடாக்களைப் போன்ற பார்சிகள் தங்கள் பெயருக்கு நடுவில் அப்பா பெயரை வைப்பதால் அந்த நடுப்பெயரைப் பார்க்காமல் எந்தத் தாளையும் யார் கணக்கிலும் சேர்க்காதே.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெர்பாயின் கிளை. ஜாம்ஷெட்ஜியின் தங்கை அவர், கல்யாணமாகிப் பெயர் மாறியதால் உன் படத்தில் விட்டுப்போயிருக்கிறார். அவர் மகன் ஷாபுர்ஜி சக்லத்வாலா, தாய்மாமனின் எஃகுக் கனவுக்காகக் காடுகளில் இரும்புத்தாதுவும் நிலக்கரியும் தேடி அலைந்தவர், பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1922-இல் லண்டன் பேட்டர்சீ வடக்குத் தொகுதியில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குத் தேர்வான கம்யூனிஸ்ட்! மாமன் பெரிய முதலாளி, மருமகன் தொழிலாளர் பக்கம். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்று நீ எழுதினால் நானே முதல் ஆளாகப் படிப்பேன்.

நீ லண்டனில்தானே இருக்கிறாய், வாட்டர்லூவில் ரயில் ஏறினால் புரூக்வுட் மயானத்துக்குப் போய்விடலாம். 1904-இல் ஜெர்மனியில் இறந்த ஜாம்ஷெட்ஜியை அங்கே பார்சிகளுக்கான இடத்தில்தான் அடக்கம் செய்தார்கள், மகன்கள் இருவரும் அங்கேதான், சக்லத்வாலாவும் அதே மயானத்தில்தான். கல்வெட்டு எழுத்துகளை உள்ளது உள்ளபடி எழுதிக்கொள், உன் இஷ்டத்துக்குத் திருத்தாதே. யாருக்குப் பக்கத்தில் யார் என்றும் ஒரு வரைபடம் போட்டுக்கொள். மழைக்கோட்டு மறக்காதே. ஜெர்பாயைச் சேர்த்த பிறகு புதுப் படத்தை அனுப்பு.

அன்புடன்,
அம்மா