சனிக்கிழமை ஏரிக்கரைக் கூடாரம்: கிளம்புமுன் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இரவு பாகூர் ஏரியை ஒட்டிய தோப்பில் தங்குகிறோம். உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஊசுடு ஏரியைச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது 2008 முதல் சரணாலயம், பறவைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தோப்பில் கழிப்பறை, கரண்ட், குழாய் எதுவும் கிடையாது. ஆளுக்கு 5 லிட்டர் குடிதண்ணீர் கொண்டுவாருங்கள். ஏரித்தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், வயலில் அடித்த பூச்சிமருந்து போகாது.

வெளிக்குப் போக, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி அரையடிக் குழி தோண்டி, மண்ணால் மூடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: அந்தத் தண்ணீரில்தான் ஊர் நெல் விளைகிறது, மாடு குடிக்கிறது.

கூடார ஜிப்பை எப்போதும் மூடிவையுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது. பனிக்குப் போர்வை அவசியம்.

வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் சொல்லுங்கள்.